கட்டுச்சோற்று நாள் ஊசி

எஸ்தர் சிஸ்டரைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. கேட் கொண்டி விழுந்த சத்தம் படுக்கையறை வரைக்கும் கேட்டது. அதற்கு முன்னால் அத்தையின், என் மாமியார் ருக்குமணியம்மாளின், குரல் கேட்டது, தேன் தடவிய குரல், வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது மட்டும் வெளியே எடுக்கிற குரல். "இன்னைக்குக் கட்டுச்சோறுங்க சிஸ்டர். நல்ல நாளும் அதுவுமா புள்ளத்தாச்சி வயித்துல ஊசியக் குத்தி ரத்தத்தப் பாக்கோணுமாக்கு? நாளைக்குச் சேத்துப் போட்டுருங்க." சேர்த்துப் போடுவதாம். இன்றைக்கு ஒன்றைக் குறைத்து நாளைக்கு ஒன்றைக் கூட்டுவதற்கு இது என்ன தோசையா? சிஸ்டர் ஏதோ சொன்னார், ஒரு நாளும் விடக் கூடாதுங்கம்மா என்றுதான் சொல்லியிருப்பார், பாவம், தினமும் இரண்டு தெரு நடந்து வந்து எனக்கு ஊசி போட்டுவிட்டு டியூட்டிக்குப் போகிறவர். அதற்குள் கூடத்தில் யாரோ பெரிய குண்டாவை இறக்கி வைத்தார்கள், அந்தச் சத்தத்தில் சிஸ்டரின் பேச்சு அமுங்கிப் போயிற்று. என் அம்மா வீட்டிலிருந்து வளைகாப்புக் கட்டுச்சோறு வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, இனிப்புப் பொங்கல், தயிர்ச்சோறு. இல்லை, தயிர்ச்சோறு மட்டும் அத்தை கை. ருக்குமணியம்மாள் வீட்டுத் தயிர் இருக்கும்போது சம்பந்தி வீட்டுத் தயிர் இந்த வாசற்படி ஏறுமா? அம்மாவும் கூடத்தில்தான் இருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஏனுங்க சம்பந்தி சிஸ்டர அனுப்பறீங்க என்று. கேட்க மாட்டாள். சம்பந்தியைக் கண்டால் அம்மாவுக்கு நாக்கு உள்ளே போய்விடும். நான் பச்சைப் பட்டுச் சேலையைப் பாதி சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். மீதிப் பாதி தரையில் கிடக்கிறது. பீரோவில் சேலைகளுக்குப் பின்னால் ஊசிப் பெட்டி இருக்கிறது. எனக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலடி தூரம்தான், எழுந்திருக்க முடியவில்லை.

ஊசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. சிஸ்டர் போடும்போது ஒரு நாளாவது குனிந்து பார்த்திருக்கிறேனா? சுவரில் மாட்டியிருக்கிற உரக்கடைக் காலண்டரைப் பார்ப்பேன், அதில் முருகன் மயில் மேல் உட்கார்ந்திருப்பார், அந்த மயிலின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், முடிஞ்சுதும்மா என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் மூச்சை விடுவேன். இத்தனை மாதத்தில் மயிலுக்குத்தான் என்னைப் பற்றி எல்லாம் தெரியும். இன்றைக்கு ஒரு நாள் விட்டால்தான் என்ன? சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சிஸ்டரைக் கூப்பிட்டுக்கொண்டால் என்ன? அத்தை சொன்னதும் அதுதானே. இல்லை. அப்படித்தான் ஆரம்பிக்கும். அப்போதும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முதல் தடவை மூன்றாம் மாதம், மாதவிலக்குத் தள்ளி வந்த மாதிரி வந்து போயிற்று, எல்லோரும் சமாதானம் சொன்னார்கள், முதல் காய் உதிர்றது சகஜம் கண்ணு என்றார்கள், நானும் என்னை மாமரம் என்று நினைத்துக்கொண்டு ஆறிவிட்டேன். இரண்டாவது தடவை ஆறாம் மாதம். ஸ்கேன் அறையில் அந்தப் பெண் என் வயிற்றின் மேல் கருவியை வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தாள், நகர்த்திக்கொண்டே இருந்தாள், பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் பேசாமல் போனதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு வலி வரவைத்துப் பிறக்க வைத்தார்கள். அழவில்லை. பையன். கை விரல்களில் நகம் கூட இருந்தது. பூபதி, என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். அத்தை அழவில்லை, என் துணிகளையெல்லாம் தானே எடுத்துப் போய்த் துவைத்தார், வேலைக்காரியைத் தொட விடவில்லை. துவைக்கிற கல்லடியில் வெகுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அதை நான் மறக்க மாட்டேன், அதனால்தான் அத்தையை முழுசாகத் திட்டவும் முடிவதில்லை.

அதற்குப் பிறகுதான் ஈரோட்டு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார். கர்ப்பமானால் எல்லாப் பெண்களுக்கும் ரத்தம் சீக்கிரம் உறைகிற பக்கமாகத் திரும்புமாம், பிரசவத்தில் ரத்தம் கொட்டிப் போகாமல் இருக்க உடம்பு முன்கூட்டியே செய்துகொள்கிற ஏற்பாடாம். "உங்க உடம்பு ரொம்ப முன்ஜாக்கிரதைங்க," என்றார், "அந்த ஏற்பாட்டை அளவுக்கு மீறிப் பண்ணுது. நஞ்சுக்கொடியில சின்னச் சின்னதா உறைஞ்சு, குழந்தைக்குப் போற வழியை அடைச்சிடுது." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்னைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று என் ரத்தமே என் பிள்ளைக்குக் கதவைச் சாத்தியிருக்கிறது. என்னைக் கேட்டதா? ஊசி போட்டால் வழி திறந்திருக்கும், தினமும் போட வேண்டும், பிரசவம் நெருங்கும்போது நானே நிறுத்தச் சொல்வேன் என்றார். அதெல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது, ஜெகதீசண்ணன் வாயைத் திறக்கிற வரைக்கும். ஜெகதீசண்ணன் என் நாத்தனார் புருஷன், மருந்துக் கம்பெனி ரெப், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு டாக்டர் டாக்டராகப் போய் வருகிறவர், டாக்டர்கள் தூக்கிப் போட்ட தாளையெல்லாம் படிக்கிறவர். போன மாதம் சாப்பாட்டில் உட்கார்ந்து, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "வயித்துல இருக்கறது பையனா பொட்டப்புள்ளையாங்கறதப் பொறுத்துத் தாய்க்கு ரத்தம் உறையறதுலகூட வித்தியாசம் இருக்குதாமுங்க அத்தை, ஆராய்ச்சி பண்ணியிருக்கறாங்க," என்றார். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பையன்னா கெட்டியாகுமா, புள்ளைன்னா கெட்டியாகுமா?" ஜெகதீசண்ணன் யோசித்தார், அப்பளத்தைக் கடித்தார், மறுபடி யோசித்தார். "அதுதானுங்க மறந்து போச்சு."

மறந்து போச்சு என்று ஒரு மனிதன் சொன்னால் கதை அங்கே முடிய வேண்டும், இல்லையா? எங்கள் வீட்டில் அங்கேதான் தொடங்கியது. அத்தை தானே கணக்குப் போட்டுவிட்டார். போன தடவை இவள் ரத்தம் கெட்டி, போன தடவை பையன். ஆகவே கெட்டி ரத்தம் பையனுடைய ரத்தம். இந்தத் தடவையும் கெட்டி, ஆகவே இந்தத் தடவையும் பையன். அப்படியிருக்க, தினமும் ஊசியைக் குத்தி அதை நீர்க்க வைத்தால் பையன் எப்படித் தங்குவான்? டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். வித்தியாசம் இருந்தாலும் அது ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் தெரிகிற துளி வித்தியாசம், ஒருத்தி ரத்தத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, சட்டம் இருக்கிறது என்று சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். அதை வீட்டுக்கு வந்து சொன்னேன். "சிரிச்சாங்களா?" என்றார் அத்தையின் அக்கா, பெரியத்தை. "சிரிச்சாங்கன்னா பையன்தான்." இந்தப் பெரியத்தை இன்னொரு நாள் நான் சேலை மாற்றும்போது உள்ளே வந்து, ஊசி போட்ட இடமெல்லாம் வயிற்றில் நீலமும் பச்சையுமாகக் கன்றியிருப்பதைப் பார்த்து, வலப்பக்கம் ஜாஸ்தி கன்றியிருக்கு, பையன் என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். வலப்பக்கம் கன்றியதற்குக் காரணம் அன்றைக்கு நான் வலப்பக்கம் சொறிந்ததுதான். பையனாம், புள்ளையாம். எனக்கு எதுவும் வேண்டும், எதுவானாலும் வேண்டும். ராத்திரி உதைக்கிறதே, அந்தக் காலுக்குச் சொந்தமான ஆள் யாரோ அந்த ஆள் வேண்டும். உயிரோடு வேண்டும். அழ வேண்டும். வீடே இடியும்படி அழ வேண்டும்.

பூபதியைக் கூப்பிடலாமா? வாழை இலை வாங்கச் சந்தைக்குப் போயிருக்கிறார். கூப்பிட்டால், நான் வந்து அம்மாகிட்டப் பேசறேன் கோகிலா என்பார். பேசுவார், சாயங்காலம் வரைக்கும் பேசுவார், அம்மாவும் பிள்ளையும் பேசி முடிப்பதற்குள் இது பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும். ஊசியை அவர் கையில் கொடுத்தாலும் பயனில்லை, ரத்தம் எடுக்கிற இடத்தில் என்னைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு தலை சுற்றி விழுந்தவர் அவர். நல்ல மனிதர், ஆனால் இதற்கு ஆக மாட்டார். போனை எடுத்துவிட்டேன், விரல் தானாகவே எஸ்தர் சிஸ்டரை அழுத்தியிருக்கிறது. "சிஸ்டர், திரும்பி வர்றீங்களா, பின்வாசல் வழியா?" "நான் பஸ் ஏறிட்டேன் கோகிலா. லேட்டானா மேட்ரன் திட்டும்." பஸ் கண்டக்டர் விசில் ஊதுவது கேட்டது. "நீயே போட்டுக்கம்மா. சர்க்கரைக்காரங்கள்லாம் தானே போட்டுக்கறாங்க, பாத்ததில்லையா? சதையப் புடிச்சுத் தூக்கு. நேரா எறக்கு, சாய்க்காதே. உள்ள ஒரு காத்துக் குமிழி இருக்கும், அத வெளிய தள்ளாதே, அது இருக்கட்டும். மெதுவா அமுக்கு. எடுத்தப்புறம் தேய்க்காதே." "பயமா இருக்குதுங்க சிஸ்டர்." "இருக்கட்டுமே. பயத்தோடயே போடு. பயந்தா மருந்து எறங்க மாட்டேங்குமா?" சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வெளியே கதவைத் தட்டுகிறார்கள். கோகிலா, சேலை கட்டியாச்சா, நல்ல நேரம் போகுது. ஆச்சுங்க என்று குரல் கொடுத்தேன், நாலடி தூரம் நடந்திருக்கிறேன், எப்போது நடந்தேன்? பீரோ திறந்திருக்கிறது. பெட்டி கையில் இருக்கிறது. இத்தனை சின்னதா இது? இத்தனை நாளும் பார்க்காமலேயே இதைக் கடப்பாரை அளவுக்கு வளர்த்து வைத்திருந்தேன்.

மூடியைக் கழற்றிவிட்டேன். குமிழி இருக்கிறது, சிஸ்டர் சொன்ன மாதிரியே, கடுகளவு. வயிறு எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது, பெரிய மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல். சட்டி. அத்தை உறை ஊற்றுகிற சட்டி. அதை ஏன் இப்போது நினைக்கிறேன்? இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பார்த்தேன், சித்திரை மாதம், அத்தை பாலுக்கு உறை ஊற்றிவிட்டுச் சட்டியைத் தூக்கிப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்தார். எதுக்குங்கத்தை என்று கேட்டேன். வெயிலுக்குச் சட்டுனு உறைஞ்சு, கட்டி தனியா தண்ணி தனியாப் பிரிஞ்சுரும் கண்ணு, குளுகுளுன்னு வெச்சாத்தான் நிதானமா உறையும் என்றார். நிதானமாக. அத்தைக்குத் தெரிந்திருக்கிறது! இந்த ஊரிலேயே இதைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். டாக்டரம்மா நஞ்சுக்கொடி நஞ்சுக்கொடி என்று சொன்னதை நான் வீட்டுக்கு வந்து அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேனே, ரத்தம் நீர்க்கிற ஊசி என்று சொன்னேனே, கட்டித் தயிருக்குப் பேர் போன பெண்பிள்ளையிடம் போய் நீர்க்கிறது என்றால் அவர் மனம் எப்படி ஒப்பும்? தயிரில் தண்ணீர் ஊற்றுகிறவளை அவர் மனுஷியாகவே மதிக்க மாட்டாரே. கதவு மறுபடி தட்டுகிறது. பயமாக இருக்கிறது. இருக்கட்டும், பயத்தோடயே போடு. சதையைப் பிடித்துத் தூக்குகிறேன், இடது பக்கம், நேற்று வலது பக்கம். மயிலே, நீ அந்தப் பக்கம் பார். நான் இன்றைக்கு இங்கேதான் பார்க்கப் போகிறேன். உள்ளே இருக்கிற ஆளே, கொஞ்சம் தள்ளிக்கொள், அம்மா வருகிறேன். நேராக. இறங்கிவிட்டது. வலிக்கிறது, அட, எறும்புக் கடி, இதற்கா இத்தனை மாதம் மயிலைப் பார்த்தேன், எரிகிறது, மெதுவாக, மெதுவாக, குமிழியும் உள்ளே போய்விட்டது, தீர்ந்தது, எடுத்துவிட்டேன். போட்டுவிட்டேன். நான் போட்டேன். கோகிலவாணி போட்டாள்.

ஒரு சொட்டு ரத்தம் வந்தது. தேய்க்கக் கூடாது. அது அப்படியே நின்று, பிறகு மெல்ல வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. சிவப்பாக, பளபளவென்று, நிற்காமல் போயிற்று. என் ரத்தத்தை நான் இவ்வளவு ஆசையாகப் பார்த்ததே இல்லை. போ, போ, அடைக்காமல் போ, உள்ளேயும் இப்படியே போ, என்ன கேட்கிறதோ அதைக் கொண்டு போய்க் கொடு. ஒரு சொட்டைப் பார்த்து மருந்தின் வேலை என்று கொண்டாடினால் டாக்டரம்மா இதற்கும் சிரிப்பார். சிரிக்கட்டும், அவர் சிரித்தால் பையன். உள்ளே ஒரு உதை விழுந்தது, ஊசி போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, யாரடி அது என் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிறது என்று கேட்கிற உதை. சத்தமாகச் சிரித்துவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, பச்சைப் பட்டைச் சுற்றிக்கொண்டு ஆட வேண்டும் போல இருந்தது. இரண்டு தடவையும் இந்த நாள் வரைக்கும் வரவே இல்லையே, கட்டுச்சோறு கூடத்தில் இறங்கவே இல்லையே. வந்துவிட்டோம், இங்கே நிற்கிறோம், நீயும் நானும், உன் உதையும் என் ஊசியும். பஞ்சை அழுத்தி வைத்துக்கொண்டு மீதிப் புடவையைக் கட்டினேன், கொசுவம் கோணலாகத்தான் வந்தது, வந்த வரைக்கும் போதும் என்று கதவைத் திறந்தேன்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தார், பின்னால் பெரியத்தை, அம்மா, நாத்தனார், ஜெகதீசண்ணனின் கழுத்துப்பட்டை. அத்தையின் கண் நேரே கட்டிலுக்குப் போயிற்று. காலி ஊசி அங்கேதான் கிடந்தது, நான் ஒளித்து வைக்கவில்லை.

"போட்டுட்டேனுங்க அத்தை. நானே போட்டுக்கிட்டேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தை என்னைப் பார்த்தார். "அத்தன தூரம் சொல்லியும்..." என்று ஆரம்பித்தார், தேன் தடவாத நிஜக் குரல்.

"அத்தை, சித்திரையில உறை ஊத்துன சட்டியத் தண்ணித் தொட்டியில எதுக்கு எறக்கி வெக்கறீங்க?"

"இப்ப எதுக்குடி தயிரு?"

"சொல்லுங்களே."

"வெக்காட்டிச் சட்டுனு உறைஞ்சு பிரிஞ்சு போயிரும். எல்லாருக்குந் தெரிஞ்சதுதானே."

"என்ற ரத்தம் சித்திரை மாசத்துப் பாலுங்க அத்தை. போன தடவ கெட்டியாத்தான் இருந்துச்சு. கெட்டியா இருந்ததுனாலதான் பையன் போனான். இந்த ஊசிதான் தண்ணித் தொட்டி. தயிர நீர்க்க வெக்கல, நிதானமா உறையச் சொல்லுது."

அத்தையின் முகத்தில் எதுவும் மாறவில்லை, அவர் முகம் அப்படி லேசில் மாறுகிற முகமும் இல்லை. என்னைத் தாண்டி அறைக்குள் போய், கட்டிலில் கிடந்த காலி ஊசியை எடுத்து மூடி போட்டு, பெட்டியில் வைத்து, பெட்டியைச் சேலைகளுக்குப் பின்னால் வைக்காமல் பீரோவின் முன்தட்டில் வைத்தார். பிறகு வெளியே வந்து, "நேரமாச்சு, உக்காரு," என்றார். அவ்வளவுதான். பெரியத்தைக்கு ஏமாற்றமாகப் போயிருக்கும், ஒரு சண்டையாவது வரும் என்று இருந்தார்.

மணையில் உட்கார்ந்தேன். பொட்டு வைத்தார்கள், பூ வைத்தார்கள், வளையல் போட்டார்கள், கை இரண்டும் குலுங்கின. கடைசியில் இந்த வீட்டு வழக்கம், மூடி திறப்பது. எதிரில் இரண்டு குண்டாக்களை மூடி வைப்பார்கள், ஒன்றில் புளிச்சோறு, ஒன்றில் இனிப்புப் பொங்கல், புள்ளத்தாச்சி எதைத் திறக்கிறாளோ அதை வைத்துப் பையனா பெண்ணா என்று சொல்வார்கள். புளி என்றால் பையன். புளிச்சோற்றுக் குண்டா என் வலது கைக்கு நேராக இருந்தது, வாசனையே காட்டிக் கொடுத்தது, அத்தைதான் அப்படி வைத்திருப்பார். எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். ஜெகதீசண்ணன் செல்போனில் படம் எடுக்கத் தயாராக நிற்கிறார். எனக்கு நல்ல பசி. ஊசிக்குப் பயந்து காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட இறங்கவில்லை, இப்போது வயிறு இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்துகிறது. புளியையும் தொடவில்லை, பொங்கலையும் தொடவில்லை. இரண்டையும் தாண்டி எட்டி, ஓரமாக இருந்த தயிர்ச்சோற்றுக் குண்டாவை இழுத்து மடியருகில் வைத்து மூடியை எடுத்தேன். கட்டித் தயிர், கறிவேப்பிலை, பொடியாக அரிந்த மாங்காய். நிதானமாக உறைந்த தயிர்.

"ஏனுங்க, தயிர்ச்சோறு எடுத்தா என்ன கொழந்தைங்க?" என்று கேட்டார் ஜெகதீசண்ணன். பெரியத்தை விழித்தார். இதுவரைக்கும் யாரும் அதை எடுத்ததில்லை.

அத்தை குனிந்து கரண்டியை எடுத்து என் இலையில் முதல் சோற்றை வைத்தார்.

"உசுரோட பொறக்கற கொழந்தை," என்றார்.

இன்னொரு கரண்டி போடுங்க அத்தை என்றேன்.